சக்கர முக்காலியில் உட்கார்ந்தவள்

ஜனவரி 14, செவ்வாய்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இன்று காலை வாசலில் பனி வாரும்போது நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவள் அவள். பிசியோதெரபி பள்ளியில் சேர முதலில் என்னென்ன பாடம் முடித்திருக்க வேண்டும் என்று விசாரித்தேன். ஒரு தாளை எடுத்து நீட்டிவிட்டு ரொம்ப அன்பாகக் கேட்டாள்: "யாருக்காக விசாரிக்கிறீங்க? பேத்திக்கா?"

எனக்குத்தான் என்றேன். அவளுக்குக் காது சிவந்துவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்? முப்பத்திரண்டு வருடம் இதே டுலூத் நகரத்தில் ஏழாம் வகுப்புக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவள், ஓய்வு பெற்ற கையோடு இளங்கலை மாணவியாக வந்து நிற்பாள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அந்தக் காலத்தில் நான் கல்லூரியில் படித்த வேதியியலும் உயிரியலும் காலாவதியாகிவிட்டன என்று சொன்னவளும் அவள்தான். பத்து வருடம் தாண்டினால் செல்லாதாம், பால் டப்பா மாதிரி. சரி, புதுப் பால் வாங்கினேன். வேதியியல் முடிந்தது. உயிரியல், உடற்கூறு முடிந்தன. இயற்பியலில் முதல் பாதி தேறிவிட்டேன். அதை நம்புவதற்கு கிறிஸ்துமஸ் விடுமுறை முழுதும் தேவைப்பட்டது. இன்று இரண்டாம் பாதி தொடங்கியது.

மக்கென்னா இந்தத் தடவையும் என் வகுப்புத் தோழி. இருபது வயது. பல்கலைக்கழகப் பனி ஹாக்கி அணியில் கோல் காப்பவள். அவளும் பிசியோதெரபிக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறாள். வகுப்பில் நுழைந்ததுமே, "மார்லிஸ், நீங்க முன் வரிசைல உக்காருங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி நான் தூங்கறேன்" என்றாள். தூங்கவில்லை. நான் தவறாகப் போட்ட கணக்கை எல்லாம் எட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 23, வியாழன்

சிகிச்சைக் கூடத்தில் முதல் நாள். பள்ளியில் சேர விரும்புகிறவர்கள் முதலில் ஒரு பிசியோவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும். பார்த்தவர்களைப் பற்றி அந்த பிசியோ ஒரு சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள்.

எனக்கு வாய்த்தவர் டெரெக். முப்பத்து நான்கு வயது, வடக்கு டக்கோட்டாக்காரர். இந்த ஊரில் என் வகுப்பில் உட்காராத ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது! பல் மருத்துவர், தபால்காரர், வேகமாகப் போனதற்கு என்னை நிறுத்திய போலீஸ்காரர் எல்லோரும் என் பிள்ளைகள். டெரெக்குக்கு நான் யாரும் இல்லை. நிம்மதி.

சக்கரம் வைத்த முக்காலி ஒன்றைக் காட்டி, "இது உங்க இடம்" என்றார். "இங்க உங்களுக்குக் கண்ணு மட்டும்தான். கையும் வாயும் என்கிட்ட இருக்கட்டும். நோயாளியைத் தொடக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. டீச்சரா இருந்தவங்களுக்கு ரெண்டாவது கஷ்டம்."

"எப்படித் தெரியும்?"

"எங்கம்மா டீச்சர்."

ஏன் இந்த வேலை என்று அவரும் கேட்டார். நாலு வருடத்துக்கு முன் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது பிசியோவிடம் போனதைச் சொன்னேன். திங்கட்கிழமை திருப்ப முடியாத கதவுக் குமிழை வெள்ளிக்கிழமை திருப்பினேன். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். மிசிசிபி எங்கே தொடங்குகிறது என்று நான் சொல்லிக்கொடுத்தது எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் புரிந்தது என்று எனக்குத் தெரிய வந்ததே இல்லை. இங்கே கண்ணெதிரே விரல் மடங்குகிறது.

இந்த ஊர்ப் பள்ளி ஒன்றுக்குத்தான் விண்ணப்பம். என் கணவன் ஆர்னெ இன்னும் காகித ஆலையில் வேலை பார்க்கிறான், வீட்டை விட்டு எங்கே போக? ஒரே ஒரு தடவைதான் முயற்சி என்று அவனிடம் கை கொடுத்து வாக்குச் சொல்லியிருக்கிறேன். "பட்டம் வாங்கி வர்றப்ப உனக்கு அறுபது. எல்லாரும் ஓய்வு விருந்துல கேக் வெட்டுற வயசுல நீ வேலைக்கு மனு போடுவ" என்றான். சொல்லிவிட்டு எனக்குப் படிக்கும் விளக்கு ஒன்று வாங்கி வந்தான்.

பிப்ரவரி 6

வாயை மூடிக்கொண்டு இருப்பது இயற்பியலைவிடக் கடினம். தோள் வலியோடு வந்த அம்மாள் ஒரு பயிற்சியைத் தலைகீழாகச் செய்கிறாள், எனக்கு நாக்கு நமநமக்கிறது. மக்கென்னாவிடம் புலம்பினேன். "நான் என் கட்டை விரலை நானே இறுக்கிப் பிடிச்சுக்குவேன், மார்லிஸ். கத்தணும்னு தோணிச்சுன்னா இன்னும் இறுக்குவேன்." செய்து பார்த்தேன். கட்டை விரல் வலிக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று புதிதாக ஒருவர். ரெய்னோ லஹ்தி, எழுபத்து மூன்று. இரும்புத்தாதுக் கப்பல்களில் இயந்திர அறையில் வாழ்நாளைக் கழித்தவர். வலது முழங்கால் மூட்டை மாற்றியிருக்கிறார்கள், நேற்றுத்தான் தையல் பிரித்தார்களாம்.

"இந்தக் கால் உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று டெரெக் கேட்டார். எல்லோரிடமும் முதலில் கேட்கும் கேள்வி இது. நடக்கணும், மாடி ஏறணும் என்பார்கள்.

"மேல் பலகைக்குப் போகணும்" என்றார் ரெய்னோ.

"எந்தப் பலகை?"

"என்ன பலகையா? சௌனாப்பா! கீழ்ப் பலகைல குழந்தைங்களும் அனல் தாங்காத சுவீடன்காரங்களும் உக்காருவாங்க. அனல் மேலதான் இருக்கு."

டெரெக் வடக்கு டக்கோட்டாவில் வளர்ந்தவர். தோட்டத்து மூலையில் ஒரு மரக்குடிசை கட்டி, உள்ளே கல்லைக் காயவைத்துத் தண்ணீர் தெளித்து, அந்த ஆவியில் அடுக்குப் பலகைகளில் வேர்த்துக்கொண்டு உட்காரும் ஆட்களோடு அவருக்கு அதிகம் பழக்கமில்லை. "சரி, மேல் பலகை" என்று எழுதிக்கொண்டார். பிறகு கோணமானியை முழங்காலில் வைத்து அளந்தார். மேல் பலகைக்கு இன்னும் வெகு தூரம்.

பிப்ரவரி 25

ரெய்னோ இன்று முழுக்க முனகிக்கொண்டே இருந்தார். டெரெக் தொலைபேசிக்குப் போன இடைவெளியில் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. இது ஏன் வளைய மாட்டேங்குது? அந்தப் பையனைக் கேட்டா 'இன்னும் பத்து'ங்கறான். எதைக் கேட்டாலும் இன்னும் பத்து."

சிரித்துவிட்டேன். கட்டுப் பிரித்த பிறகு என் மணிக்கட்டும் இப்படித்தான் மரக்கட்டையாகக் கிடந்தது, பாத்திரம் கழுவுகிற வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் இளகிக்கொடுக்கும் என்றேன். அவ்வளவுதான். ஆறுதலுக்கு ஒரு உதாரணம்.

"சூடா?" என்று புருவத்தைத் தூக்கினார். அடுத்த தடவை காலை மடக்கும்போது முனகவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் பிசைந்துவைத்த ரொட்டி மாவு மாதிரி உப்பிக்கிடந்தது. தையல் வரியின் கீழ் முனை சிவந்து, லேசாகப் பிரிந்து கசிந்தது.

"ரெய்னோ, என்ன செஞ்சீங்க?" டெரெக்கின் குரல் அப்படி நான் கேட்டதில்லை.

"ஒண்ணும் இல்லப்பா. சனிக்கிழமை ஆச்சே. கொஞ்சம் சௌனா."

"சௌனாவா! தையல் பிரிச்சு ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ளயா? எவ்வளவு நேரம்?"

"விறகு தீர்ற வரைக்கும்."

"யார் சொன்னா உங்களுக்கு?"

ரெய்னோ என்னைப் பார்க்கவே இல்லை. "இதை ஒருத்தர் சொல்லணுமா? எங்க தாத்தா இந்த ஊருக்கு வந்து இறங்கினப்ப வீடு கட்டறதுக்கு முன்னாடியே சௌனாவைத்தான் கட்டினார்."

நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் முக்காலியைக் கடந்தபோது ஒரு கண்ணைச் சிமிட்டினார். எனக்குப் பாத்திரம் கழுவுகிற வெந்நீர் ஞாபகம் வந்தது.

அறுவை மருத்துவரிடம் உடனே அனுப்பிவிட்டார்கள். புண் ஆறும்வரை காலை மடக்கக் கூடாது. அதற்குள் மூட்டு இறுகிவிட்டால், மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து வலுவில் மடக்க வேண்டியிருக்குமாம். டெரெக் கணினியில் தட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "சொன்ன பேச்சைக் கேட்காதவர்." பிறகு என்னிடம், "சிலர் அப்படித்தான், மார்லிஸ். அவங்ககிட்ட விளக்கிக்கிட்டு இருக்கறது வீண்."

நான் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 5

ஆர்னெயிடம் சொன்னேன். சூப்பைக் கிளறிக்கொண்டே முழுதும் கேட்டான்.

"அந்த ஆளே காட்டிக்கொடுக்கல. நீ ஏன் போய் நிக்கணும்?"

"நான்தானே சொன்னேன்."

"நீ பாத்திரம் கழுவற தண்ணியைச் சொன்ன. அடுப்புக்குள்ள போய் உக்காருன்னா சொன்ன? கடிதத்தை வாங்கிக்கோ. அப்புறம் சொல்லு."

"கடிதம் ஆகஸ்ட்லதான். அதுவரைக்குமா?"

"ஏன், அதுக்குள்ள உண்மை புளிச்சுப் போயிடுமா?"

அவன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. டெரெக் இல்லையென்றால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் இந்த வருடம் இல்லை. இந்த வருடம் இல்லையென்றால் இல்லவே இல்லை. கை கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வரி. 'சொன்ன பேச்சைக் கேட்காதவர்.' எனக்கு அந்த மாதிரி வரிகளோடு முப்பத்திரண்டு வருடப் பழக்கம். என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான், லோகன் என்று. மூன்றாம் வகுப்பில் யாரோ அவனைப் பற்றி 'கவனம் இல்லாதவன்' என்று எழுதியிருந்தார்கள். நாலாம் வகுப்பு டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். ஐந்தாம் வகுப்பு டீச்சரும் அப்படியே. நானும்தான். கடைசியில் பள்ளிக்கூட நர்ஸ் பரிசோதித்தபோது தெரிந்தது, அவனுக்கு இடது காது கேட்காது. அவன் ஒவ்வொரு வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

இனி ரெய்னோவுக்கும் அதுதான் நடக்கும். எந்த பிசியோ வந்தாலும் முதலில் அந்த வரியைப் படிப்பார். இவரிடம் விளக்குவது வீண் என்று விட்டுவிடுவார். அவர் பேச்சைக் கேட்காதவரா? கேட்டார். அதுதானே வினை? என் பேச்சைக் கேட்டார்.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன். முதல் நோயாளி வருவதற்கு முன்பே போய், பாத்திரம் கழுவும் தொட்டி உட்பட முழுவதையும் சொன்னேன்.

டெரெக் கத்தவில்லை. முக்காலியைத் தன் பக்கம் இழுத்து அதில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது தப்பு இல்ல, மார்லிஸ். எலும்பு கூடி, கட்டுப் பிரிச்ச மணிக்கட்டுக்கு அது சரி. கத்தி வச்சு ஒரு மாசம் ஆகாத முழங்காலுக்கு ஆகாது. அந்த வித்தியாசத்தைத்தான் பள்ளியில மூணு வருஷம் படிக்கறோம்."

"தெரியும். இப்பத் தெரியும்."

"கொஞ்ச நாள் வராதீங்க. நானே கூப்பிடறேன்."

பிறகு திரும்பி, முன்பு எழுதிய வரியின் கீழே இன்னொன்றைச் சேர்த்தார். எனக்குக் கேட்கும்படி படித்தார்: "நோயாளி தனக்குக் கிடைத்த யோசனையை நம்பி நடந்தார். இனி ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டேன். கடிதம் போயிற்று, அநேகமாக. அழுகை வரும் என்று நினைத்தேன். பசி வந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக நல்ல பசி. வழியில் நிறுத்திப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, கண்ணாடி வழியே ஏரியின் பனிக்கட்டியைப் பார்த்தபடி ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

மார்ச் 13

கூப்பிடவில்லை. காந்தப்புலம் பற்றிய பாடம் படித்தேன். தலையில் நுழையவில்லை.

மார்ச் 20

தொலைபேசி. ரெய்னோ!

"டீச்சர், என்னைப் போய் நல்ல பிள்ளை ஆக்கிட்டீங்களே! இந்த வயசுக்கு மேல இந்தப் பேரை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"கால் எப்படி இருக்கு?"

"புண்ணு மூடிடுச்சு. மடக்க ஆரம்பிச்சாச்சு. ஆனா நீங்க அந்தப் பையனைக் கெடுத்துட்டீங்க. முன்னாடி 'இன்னும் பத்து' மட்டும்தான். இப்ப பத்தோட பிரசங்கமும் சேர்ந்து வருது. ஒண்ணொண்ணுக்கும் காரணம் சொல்றான். சூடு ஏன் ஆகாதுன்னு படமே போட்டுக் காட்டினான்."

"நீங்க ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?"

"கப்பல்ல அப்படிப் பழகிட்டோம். சரி, நீங்க ஏன் சொன்னீங்க?"

லோகன் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, "என் பெண்டாட்டி ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கா, வந்து வாங்கிக்கோங்க" என்றார். போனேன். கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கதவருகிலேயே நின்று ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 27, வியாழன்

டெரெக் கூப்பிட்டார். மறுபடியும் முக்காலி.

"நோயாளி என்ன கேட்டாலும் உங்க பதில் ரெண்டே வார்த்தை. 'டெரெக்கைக் கேளுங்க.' சொல்லிப் பாருங்க."

சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

ரெய்னோவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடியே, "டீச்சர், நாளைக்குப் பனி விழுமா?" என்றார்.

"டெரெக்கைக் கேளுங்க."

"ஒண்டாரியோவுக்குத் தலைநகரம் எது?"

"டெரெக்கைக் கேளுங்க."

"தம்பி டெரெக், ஒண்டாரியோவுக்குத் தலைநகரம் எதுப்பா?"

"ஒட்டாவா" என்றார் டெரெக். ஐயோ, அது நாட்டுக்குத் தலைநகரம், மாகாணத்துக்கு இல்லை! கட்டை விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17

ரெய்னோவுக்கு இன்று காலை அறுவை மருத்துவரிடம் பரிசோதனை. மயக்க மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது இன்று தெரியும் என்று டெரெக் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு வர வேண்டியவர், வரவில்லை. மணி ஆக ஆக எனக்குக் கண் கதவிலேயே இருந்தது. வந்தார், நடைச்சட்டம் இல்லாமல், கைத்தடியோடு. நேரே கட்டிலில் போய் உட்கார்ந்து காலை மடக்கிக் காட்டினார். வேண்டாமாம்! அவர்களாக வலுவில் மடக்க வேண்டியதில்லை. தானாகவே வந்துவிடுமாம்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றேன். என்னால் ஒரு மனிதனுக்கு இன்னொரு தடவை மயக்க மருந்து கொடுக்க நேர்ந்திருந்தால் இந்தப் படிப்பை விட்டிருப்பேன். அதை இதுவரை இங்கே எழுதவில்லை. இன்று எழுதலாம்.

மே 8, வியாழன்

ரெய்னோவுக்கு இதுதான் கடைசி நாள். டெரெக் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "போதும். இனிமே வராதீங்க" என்றார். இந்தக் கூடத்தில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

"மேல் பலகை?" என்றார் டெரெக்.

"போன சனிக்கிழமை. உங்கிட்ட கேட்டுக்கிட்டுத்தானே போனேன்? பெண்டாட்டி கீழ நின்னு கத்திக்கிட்டே இருந்தா. கடைசியில அவளும் மேல வந்துட்டா."

இயற்பியல் தேர்வும் முடிந்தது. தேறிவிடுவேன். மக்கென்னா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 12

கடிதம் கேட்டேன். கேட்பதற்குள் மூன்று தடவை கார் கதவைத் திறந்து மூடினேன்.

டெரெக் உடனே, "எழுதறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு, "ஆனா சௌனாவையும் எழுதுவேன், மார்லிஸ். அதை விட்டுட்டு உங்களைப் பத்தி எழுத எனக்குத் தெரியாது. அது வேண்டாம்னா ஷெல்லியைக் கேளுங்க. உங்களை அவங்களும் பார்த்திருக்காங்க. நல்லா எழுதுவாங்க. அவங்களுக்கு இந்தக் கதை தெரியாது. நீங்க எதைச் செஞ்சாலும் நான் வருத்தப்பட மாட்டேன்."

ஷெல்லி பக்கத்துக் கட்டில்களைப் பார்க்கும் பிசியோ. என்னைக் காணும்போதெல்லாம் சிரிப்பார்.

ஆகஸ்ட் 14

மக்கென்னாவோடு காப்பி.

"உங்களுக்குப் பைத்தியமா? இதுல யோசிக்க என்ன இருக்கு? ஷெல்லி!"

"டெரெக் நல்லதும் எழுதுவார்."

"நல்லதும். அந்த 'உம்'மைத்தான் சேர்க்கைக் குழு முதல்ல படிக்கும். ஒரே ஒரு பள்ளிக்கு விண்ணப்பிக்கறீங்க. கோல்ல நிக்கறப்ப யாராவது தானே விலகி நின்னு வழி விடுவாங்களா?"

ஷெல்லி என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். 'அன்பானவர், நேரம் தவறாதவர், எல்லோரோடும் இனிமையாகப் பழகுபவர்.' முகம் நினைவில்லாத பிள்ளைகள் கடிதம் கேட்டு வந்தபோதெல்லாம் நான் எழுதிக்கொடுத்த வரிதான் இது. பொய்யில்லை. அந்தப் பிள்ளை அதில் இருக்க மாட்டாள், அவ்வளவுதான்.

டெரெக் எழுதினால் அதில் நான் இருப்பேன். அதற்காக என்னைச் சேர்க்காமல் விட்டால் — விடட்டும். இல்லை, விடக் கூடாது. எனக்கு இந்த இடம் வேண்டும். ரொம்ப வேண்டும். அதைப் பெரிய மனசு மாதிரி எழுதி மறைக்க வேண்டாம்.

ஆனாலும் டெரெக்.

நவம்பர் 7, வெள்ளி

நேர்முகம் முடிந்தது. காத்திருந்த அறையில் எல்லோரும் மக்கென்னா வயது. ஒரு பையன் என்னைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்றான். உட்காருப்பா, நானும் உன் போட்டியாளர்தான் என்றேன்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் இளைஞர், எழுதிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் பேராசிரியை, என்னைவிடப் பத்து வயது சிறியவர் இருப்பார். தாள்களைப் புரட்டினார், நிறுத்தினார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சௌனா விஷயத்தை உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். 'விறகு தீர்ற வரைக்கும்' என்ற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். பேராசிரியை உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். "எங்கப்பா இடுப்பு மூட்டை மாத்திக்கிட்டு இதையேதான் செஞ்சார். அவருக்கு யாரும் உதாரணம்கூட சொல்லல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி. அதே கேள்வியை அவர் இன்னைக்குக் கேட்டா என்ன சொல்வீங்க?"

"டெரெக்கைக் கேளுங்க என்பேன்."

"டெரெக் இல்ல. நீங்கதான் பிசியோ. இப்ப?"

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. அவசரப்படுத்தாமல் விட்டார்கள்.

"காரணத்தைச் சொல்வேன். உதாரணமும் சொல்வேன், அது இல்லாம எனக்கு வராது. ஆனா சொல்லி முடிச்சதும் ஒண்ணு கேப்பேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்புல 'புரிஞ்சுதா'ன்னு கேட்டேன். எல்லாரும் தலையாட்டுவாங்க. ரெய்னோவும் தலையாட்டியிருப்பார். இனிமே, 'வீட்டுக்குப் போய் இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?'ன்னு கேப்பேன். அப்பவே சௌனா வெளியில வந்திருக்கும்."

இளைஞர் மறுபடி எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று தெரியாது. எது வந்தாலும் இந்தக் கதை தெரியாமல் அவர்கள் முடிவெடுக்கப் போவதில்லை. அதுவே பாதி நிம்மதி. மீதிப் பாதிக்கு ஆர்னெ உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கிச் சுடும் ஹாட்டிஷ் செய்து வைத்திருந்தான். அடி கொஞ்சம் பிடித்திருந்தது.

ஜனவரி 20

காத்திருப்போர் பட்டியல். எத்தனையாவது இடம் என்று சொல்ல மாட்டார்களாம்.

மக்கென்னாவுக்கு விஸ்கான்சினில் இடம் கிடைத்துவிட்டது. அழுதுகொண்டே கூப்பிட்டாள். தனக்காகச் சந்தோஷத்திலும் எனக்காக வருத்தத்திலும் என்றாள். எது எதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "அறுபது நாற்பது" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. போதும், எனக்கு நாற்பது நிறைய.

ஆர்னெ, "டெரெக் அந்தக் கதையை எழுதாம இருந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எழுதாம இருந்திருந்தா பட்டியல்லகூட இருந்திருக்க மாட்டியோ என்னவோ" என்று முடித்தான். நல்ல மனுஷன்.

பிப்ரவரி 26

ஒன்றும் இல்லை. பனி.

ஏப்ரல் 9

ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பள்ளியிலிருந்து ஒரு பெண்மணி: ஒரு இடம் காலியாகியிருக்கிறது, இன்னும் வேண்டுமா? ஆமாம் என்றேன். அந்தப் பெண்மணிக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் ஆமாம் என்றேன், இந்தத் தடவை தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் ஏரியில் மூடுபனி. முதல் செய்முறை வகுப்பு. ஐம்பது பேர், ஐம்பது நாற்காலி. இரண்டிரண்டு பேராக நிற்கச் சொன்னார் பேராசிரியை, நேர்முகத்தில் சிரித்த அதே பெண்மணி.

"ஒருத்தர் உக்காந்து எழுந்திருங்க. இன்னொருத்தர் பாருங்க. தொடக் கூடாது, பேசக் கூடாது. வகுப்பு முடியற வரைக்கும் இதுதான்."

முணுமுணுப்பு. என் ஜோடி தாரியஸ், கூடைப்பந்து விளையாடும் ஆறரை அடிப் பையன். "இதுக்கா சேர்ந்தோம்?" என்று என் காதருகே குனிந்தான். எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, உயரமான பையன் ஒருவன் எழுந்து உட்காருகிறான், அவ்வளவுதான். நெடுநேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தலை முன்னால் வருவதற்கும் முன்பே அவன் பாதங்கள் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துக்கொள்கின்றன. அவனுக்கே அது தெரியாது. இத்தனை வருடம் என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எத்தனை தடவை எழுந்து நின்றார்கள்! நான் பார்த்ததே இல்லை. பார்ப்பதற்குள் பேசத் தொடங்கிவிடுவேன்.

வெளியே வந்ததும் தாரியஸ் கேட்டான்: "நான் எழுந்தது சரியா இருந்துச்சா?"

"வீட்டுக்குப் போய் அதை வச்சு என்ன செய்யப் போறே?" என்றேன். அவன் விழித்தான். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பாதம் உட்பட.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்னெ மேசையிலிருந்து எழுந்தான். வலது பாதம் பின்னால் வந்தது. இடது பாதம் வரவில்லை. கையை மேசையில் ஊன்றிக்கொண்டான். எப்போதிலிருந்து? கேட்கவில்லை. நாளைக்கும் பார்த்துவிட்டு, அப்புறம் கேட்பேன்.

இந்தக் குறிப்பேடு யார் கையில் இருந்தாலும் சரி: நாளைக் காலை உன் வீட்டில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், முதலில் எது நகர்கிறது என்று பார்.